ஹீட் சிங்கில் காரீயம் எங்கே இருக்கிறது: குளிர்விப்பு உதிரிகளை ரோஹ்ஸ் விதிகளுக்குள் கொண்டுவரும் முறை

வடசென்னைப் பட்டறைகளில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. நல்ல ரசத்துக்காக வீட்டில் வைத்திருக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம் (டின்). சால்டரிங் கம்பியிலோ நெடுங்காலமாக 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் (லெட்) கலந்திருந்தன, அதையும் ஈயம் என்றே சொல்லி வந்தோம். மின்னணுக் கருவிகளில் கேடான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஹ்ஸ் சட்டம் தடுப்பது காரீயத்தை. அதற்குப் பெரும்பாலும் மாற்றாக வருவது வெள்ளீயம். ‘ஈயம் இல்லாத முலாம்’ என்று வெளிவேலைக்குச் சரக்கோடு அனுப்பும் ஜாப் ஒர்க் செலானில் எழுதி அனுப்பினால், முலாம் பூசுபவர் வெள்ளீயமே வேண்டாம் என்று புரிந்துகொண்டு நிக்கலை மட்டும் பூசி அனுப்பக்கூடும், அல்லது வழக்கமாகப் பூசும் கலவையையே பூசிவிடக்கூடும். இரண்டும் நடந்து நான் பார்த்திருக்கிறேன். ஆகவே செலானிலும் கொள்முதல் ஆணையிலும் பெட்டியின் சீட்டிலும் ‘காரீயம்’ அல்லது ‘வெள்ளீயம்’ என்று பிரித்து எழுதுவதே முதல் வேலை.

வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் அலுமினியப் பட்டையை அறுத்து, கருவியின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் செய்பவர்களுக்கும், மின்விசிறியும் வயரும் கோத்துக் குளிர்விப்புத் தொகுதி கட்டுபவர்களுக்கும், செம்புக் குழாய் பதித்த குளிர்தகடு செய்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும். இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு நாம் சரக்குக் கொடுக்கிறோம். அவர்களுடைய கருவி எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் விதி நம் பட்டறை வாசலுக்கும் வந்துவிடுகிறது.

சட்டத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது அதிகமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் ரோஹ்ஸ் ஆணை 2006 ஜூலை 1 முதல் காரீயம், பாதரசம், காட்மியம், அறுமதிப்புக் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) ஆகியவற்றையும், தீத்தடுப்புக்காகப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் பிபிபி (PBB), பிபிடிஇ (PBDE) என்ற இரண்டு புரோமின் சேர்மக் குடும்பங்களையும் கட்டுப்படுத்தியது. அதன் இடத்தில் வந்த 2011/65 ஆணைதான் இப்போது நடப்பில் உள்ளது. 2015/863 என்ற திருத்தம், பிவிசியை மென்மையாக்கும் டிஇஎச்பி, பிபிபி (BBP), டிபிபி, டிஐபிபி என்ற நான்கு தாலேட்டுகளை 2019 ஜூலை 22 முதல் அந்தப் பட்டியலில் சேர்த்தது. தாலேட்டுப் பட்டியலில் வரும் பிபிபியும் தீத்தடுப்புப் பட்டியலில் வரும் பிபிபியும் தமிழில் ஒரே மாதிரி எழுதப்பட்டாலும் வெவ்வேறு பொருள்கள் என்பதால், வாங்குவோர் அனுப்பும் படிவத்தை நிரப்பும்போது முழுப் பெயரைப் பார்த்தே நிரப்ப வேண்டும். காட்மியத்துக்கு 0.01 விழுக்காடு, மற்ற எல்லாவற்றுக்கும் 0.1 விழுக்காடு என்பது எடை வரம்பு. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, முதல் ஆறு பொருள்களுக்கும் இதே வரம்புகளை வைத்திருக்கின்றன. வரம்பு மீறிய கருவியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஆகவே இது ஏற்றுமதிக்கு மட்டும் உரிய விதி, உள்ளூர்ச் சரக்குக்குப் பொருந்தாது என்ற எண்ணம் தவறு.

இந்த வரம்பை எதன் எடையில் கணக்கிடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள ஹீட் சிங்கில் சர்க்யூட் பலகையோடு பற்றவைப்பதற்காக நான்கு பித்தளைப் பின்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் சில மில்லிகிராம் வெள்ளீய-காரீயக் கலவை முலாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு எடையில் அந்தக் காரீயம் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குதான். ஆனால் சட்டம் பார்ப்பது முழு உதிரியை அன்று. ஒரே சீரான பொருளாக இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக. திருகு கழற்றியோ, வெட்டியோ, நொறுக்கியோ, சுரண்டியோ, அரைத்தோ பிரிக்க முடிகிற எதுவும் தனிப்பொருள். முலாமைச் சுரண்டி எடுக்க முடியும். அப்படி எடுத்த தூளில் காரீயம் 10 விழுக்காடு இருந்தால், அது வரம்பைப் போல நூறு மடங்கு. அந்த நான்கு பின்களால் ஒரு கிலோ அலுமினியமும் தள்ளுபடியாகிறது.

எனவே ஒரு மாதிரியை எடுத்து மேசையில் வைத்து உண்மையாகவே பிரித்துப் பாருங்கள். அலுமினிய உடல், அதன் மேல் ஆனோடைஸ் படலம் (மின்வேதி முறையில் வளர்த்த ஆக்சைடு பூச்சு), திருகு, திருகின் துத்தநாக முலாம், அந்த முலாமின் மேல் அரிப்பைத் தடுக்கும் பாசிவேஷன் படலம், பித்தளைச் செருகு, விசிறியின் உறை, இறக்கை, வயரின் உறை, உள்ளே இருக்கும் செம்பு, முனையில் உள்ள கனெக்டர், சுருக்குக் குழாய், வெப்பப் பசை, லேபிள், லேபிளின் மை என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதினால், நாம் ‘ஒரு உதிரி’ என்று விற்பது இருபது முப்பது பொருள்களாக விரியும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யாரிடம் வாங்கியது, என்ன கலவை, என்ன சான்று என்று மூன்று கட்டங்கள் போதும். இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் ஒரு நாள் வேலைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். இதைச் செய்யாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஓடுபவர்கள் பணத்தையும் செலவழித்து, கேள்விக்கும் விடை கிடைக்காமல் திரும்புகிறார்கள்.

அலுமினியத்தில் பொதுவாகச் சிக்கல் குறைவு. பட்டையாக வரும் 6063 கலவையில் காரீயம் சேர்ப்பதில்லை. ஆனால் கடைசலுக்கு எளிதாக இருக்கும் என்று 2011, 6262 போன்ற கலவைகளை யாராவது பரிந்துரைத்தால் எச்சரிக்கை தேவை, ஏனெனில் சீவல் எளிதில் உடைவதற்காக அவற்றில் காரீயம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. வார்ப்பு ஹீட் சிங்க்குக்குப் பழைய உலோகத்தை உருக்கி ஊற்றும் இடங்களில், ஒவ்வொரு வார்ப்புத் தொகுதிக்கும் கலவை அறிக்கை கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தில் 0.4 விழுக்காடு வரையும், செம்புக் கலவையில் 4 விழுக்காடு வரையும், கடைசலுக்குரிய எஃகில் 0.35 விழுக்காடு வரையும் காரீயத்துக்கு ஐரோப்பிய ஆணையின் மூன்றாம் இணைப்பு விலக்கு அளித்து வந்திருக்கிறது. நம் ஊரில் கடைசல் பட்டறைகள் விரும்பி வாங்கும் ஃப்ரீ கட்டிங் பித்தளையில் காரீயம் ஏறத்தாழ 3 விழுக்காடு இருப்பதால், அது செம்புக் கலவைக்கான 6(சி) என்ற விலக்கின் தயவில்தான் நிற்கிறது. இந்த விலக்குகள் எல்லாம் காலவரையறை உள்ளவை, புதுப்பிக்கப்படும்போது குறுக்கப்படுபவை. அலுமினியத்துக்கு ஒரே பத்தியாக இருந்த 6(பி) விலக்கு 2018இல் பழைய உலோகத்திலிருந்து வருவதற்கு ஒன்று, கடைசலுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு பெரிய ஆர்டருக்கு முன்பும் விலக்கின் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வடிவமைப்பு என்றால், விலக்கை நம்பாமல் காரீயமற்ற பித்தளையையோ துருப்பிடிக்காத எஃகையோ தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. கடைசல் சற்று மெதுவாகும், டூல் சீக்கிரம் தேயும். அந்தச் செலவை விலையில் சேர்த்துக் கேட்கலாம்.

விலக்கு இருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிடவும் முடியாது. காரீயம் 2018 ஜூனில் ஐரோப்பாவின் ரசாயனப் பொருள்களுக்கான ரீச் சட்டத்தின் கீழ் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனால் 3 விழுக்காடு காரீயமுள்ள பித்தளைப் பின், ரோஹ்ஸ் விலக்கால் தப்பினாலும், 0.1 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் உள்ள பொருள் என்ற தகவலை வாங்குபவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

இனி மேற்பூச்சு. என் அனுபவத்தில் தள்ளுபடியாகும் சரக்கில் பெரும்பகுதி இங்கேதான் தோற்கிறது, அதிலும் வெளியே கொடுத்துப் பூசும் இடத்தில். அலுமினியத்தின் மேல் மஞ்சளாக மின்னும் குரோமேட் படலமும், திருகின் மேல் பொன்மஞ்சளாகத் தெரியும் பாசிவேஷனும் மரபாக அறுமதிப்புக் குரோமியத்தால் ஆனவை. மாற்று, மும்மதிப்புக் குரோமியக் குளியல். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்: மும்மதிப்புப் படலத்துக்கும் மஞ்சள் சாயம் ஏற்றுகிறார்கள், நிறமற்ற படலத்திலும் அறுமதிப்புக் குரோமியம் இருக்கக்கூடும். கறுப்பு ஆனோடைஸ் செய்யும்போது கந்தக அமிலக் குளியலில் குரோமியம் இல்லை என்றாலும், கடைசியில் துளைகளை மூடும் கட்டத்தில் டைகுரோமேட் பயன்படுத்துகிறார்களா என்று கேட்க வேண்டும். வெந்நீர் அல்லது நிக்கல் அசிடேட் மூடல் போதுமானது. மின்சாரமின்றிப் பூசும் நிக்கலில் இன்னொரு மறைவிடம் உண்டு. அந்தக் குளியல் நிலைகுலையாமல் இருக்கக் காரீயச் சேர்மத்தையும், பளபளப்புக்காகக் காட்மியத்தையும் பழைய வாய்ப்பாடுகள் சேர்த்தன. அவை மிகச் சிறிய அளவே ஆனாலும் படலத்தோடு சேர்ந்து படிகின்றன, படலம் தனிப்பொருள் என்பதால் வரம்பை எட்டிவிட முடியும். ‘காரீயமும் காட்மியமும் சேர்க்காத நிலைப்படுத்தி’ என்று குளியல் ரசாயனத்தின் தொழில்நுட்பத் தாளில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே சரக்கை அனுப்புங்கள்.

கடற்கரையை ஒட்டி வாழும் நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக்காற்றில் வெறும் துத்தநாகத் திருகு சீக்கிரமே வெளுத்துப் பொரிந்துவிடும். அறுமதிப்புக் குரோமியப் படலத்தில் கீறல் விழுந்தால், படலத்திலேயே மிச்சமிருக்கும் குரோமியம் கரைந்து வந்து அந்தக் கீறலை ஓரளவு மூடிவிடும். மும்மதிப்புப் படலத்துக்கு அந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லை. பழைய பூச்சுதான் நின்று உழைக்கும் என்று மூத்த தொழிலாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. அதற்கு விடை, கனமான மும்மதிப்புப் பாசிவேஷனும் அதன் மேல் ஒரு சீலர் பூச்சும் கேட்டு வாங்குவதும், ஒவ்வொரு லாட்டிலும் சில திருகுகளுக்கு உப்புத்தெளிப்புச் சோதனை செய்வதுமே. சிலர் உடனே துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்கு மாறுகிறார்கள். ரோஹ்ஸ் கணக்கில் அது சரி, ஆனால் உப்பு ஈரத்தில் அந்தத் திருகு தன்னைத் தொட்டிருக்கும் அலுமினியத்தை அரிக்கும். அப்படி மாறினால் நைலான் வாஷரோ தடுப்புப் பசையோ இடையில் வையுங்கள்.

பற்றவைப்பில் காரீயமற்ற கலவையாகப் பரவலாகக் கிடைப்பது சாக் 305. அதில் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு. பழைய 63/37 கலவை 183 டிகிரி செல்சியசில் உருகியது. இது 217 முதல் 220 டிகிரியில் உருகுகிறது. ஹீட் சிங்க் வெப்பத்தை இழுத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் என்பதால், இந்த 35 டிகிரி வேறுபாடு மற்ற உதிரிகளைவிட இங்கே அதிகமாகத் தெரியும். பின்னில் சால்டர் ஏறாமல் மொட்டாக நிற்கிறது என்று சால்டரிங் இரும்பின் சூட்டை ஏற்றிக்கொண்டே போவது தவறு; பலகையை அடியிலிருந்து முன்சூடு செய்து, அகலமான முனையைப் பயன்படுத்த வேண்டும். வெப்பக்குழாயை நிக்கல் பூசிய தகடுகளோடு இணைக்க, சுமார் 138 டிகிரியில் உருகும் வெள்ளீய-பிஸ்மத் கலவை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்த இணைப்பை அதன்பின் சாக் 305 வேலைக்கு உட்படுத்தினால் இணைப்பு கழன்றுவிடும் என்பதால் வேலையின் வரிசையை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உள்ளே இருக்கும் சால்டர் எத்தனை டிகிரியில் உருகுவது, அதில் காரீயம் உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்.

பழைய சால்டரும் புதிய சால்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கலப்படம் எவ்வளவு எளிது என்பதற்கு ஒரு கணக்கு. 200 கிலோ கொள்ளும் சால்டர் தொட்டியில் 0.1 விழுக்காடு என்பது 200 கிராம் காரீயம். 63/37 கம்பியில் 37 விழுக்காடு காரீயம் என்பதால், சுமார் 540 கிராம் பழைய சால்டர் தவறிப்போய் விழுந்தாலே மொத்தத் தொட்டியும் வரம்பைத் தொட்டுவிடுகிறது. இரும்பு, முனை, முனை துடைக்கும் பஞ்சு, சால்டர் உறிஞ்சி, கம்பிச் சுருள் எல்லாவற்றையும் தனியாக வைத்து, பச்சை நிறப் பட்டை சுற்றிய கருவிகள் மட்டுமே காரீயமற்ற மேசைக்கு வர வேண்டும் என்று கட்டுப்பாடு வையுங்கள். தொட்டியிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் மாதிரி எடுத்து அனுப்புங்கள். காரீயம் தொட்ட கையோடு யாரும் டீ குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி.

குளிர்தகட்டில் செம்புக் குழாயை வெள்ளிப் பற்றாசு வைத்து இணைப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். குறைந்த சூட்டில் நன்றாக ஓடும் என்று விரும்பி வாங்கப்படும் சில பழைய வெள்ளிக் கம்பிகளில் காட்மியம் 18 முதல் 24 விழுக்காடு வரை உண்டு. காட்மியத்தின் வரம்பு 0.01 விழுக்காடு மட்டுமே, ஆகவே அந்த இணைப்பு இரண்டாயிரம் மடங்கு மீறுகிறது. அதைவிட முக்கியம், அந்தக் கம்பியைச் சூடாக்கும்போது எழும் காட்மியப் புகை நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது. சுருளில் உள்ள லேபிளில் காட்மியம் இல்லை என்று எழுதியிராத எந்த வெள்ளிக் கம்பியையும் பட்டறைக்குள் விடாதீர்கள். வெள்ளீயம் சேர்த்த காட்மியமற்ற கம்பிகள் கடையில் கிடைக்கின்றன.

விசிறியில் பார்க்க வேண்டியவை பிளாஸ்டிக்கும் வயரும். மலிவான பிவிசி வயர் உறையில் நிலைப்படுத்தியாகக் காரீய உப்பும், மென்மையாக்கியாகத் தாலேட்டும் இருக்க வாய்ப்புண்டு. உறை பிளாஸ்டிக்கில் பிபிடிஇ இருக்கலாம். சுருக்குக் குழாய், கேபிள் டை, மஞ்சள் ஆரஞ்சு நிறமிகள் இவற்றையும் விட்டுவிட வேண்டாம். காந்தம், பேரிங், வெப்பப் பசை ஆகியவற்றுக்கு நல்ல உற்பத்தியாளரின் உறுதிமொழி பெரும்பாலும் போதும்.

சோதனைக்கு வருவோம். கைத்துப்பாக்கி போல இருக்கும், எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி சில நிமிடங்களில் காரீயம், காட்மியம், பாதரசம், மொத்தக் குரோமியம், மொத்தப் புரோமின் ஆகியவற்றைக் காட்டிவிடும். அது வடிகட்டும் சல்லடையே ஒழிய இறுதித் தீர்ப்பு அன்று. குரோமியம் எந்த மதிப்பில் இருக்கிறது என்றோ, புரோமின் தடை செய்யப்பட்ட சேர்மத்தில் இருக்கிறதா என்றோ அதற்குத் தெரியாது. தாலேட்டு அதன் கண்ணுக்கே படாது. மெல்லிய முலாமின் மேல் வைத்தால் அடியில் உள்ள உலோகத்தையும் சேர்த்தே படிக்கும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 62321 என்ற சோதனைத் தரநிலைத் தொகுதியின் 3-1 பகுதி, பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் காரீயத்துக்கு 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் 700 பங்கு) அளவுக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி, 1300க்கு மேலே இருந்தால் தோல்வி, இடையில் இருந்தால் ரசாயனச் சோதனை என்று, அளவீட்டுப் பிழையையும் கணக்கில் சேர்த்து வகுக்கிறது. முலாமில் அறுமதிப்புக் குரோமியத்துக்கு 7-1 பகுதிப்படி, உதிரியைக் கொதிநீரில் இட்டு, நீரில் நிறமாற்றம் பார்க்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் இல்லை, 0.13க்கு மேல் என்றால் உண்டு. பரப்பைக் கொண்டு கணக்கிடுவதால், ஒரு திருகு போதாது. ஒரு கைப்பிடித் திருகு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அமைப்பான என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வுக்கூடமா என்பதோடு, அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் இந்தக் குறிப்பிட்ட முறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் எப்போதும் சோதிக்க நம் வருமானம் இடம் கொடுக்காது. ஆபத்து எங்கே அதிகமோ அங்கே செலவழிப்பதுதான் நியாயம்: வெளியே பூசிய ஒவ்வொரு லாட்டும், புதிய இடத்தில் வாங்கிய வயரும், பெயர் தெரியாத கடையில் வாங்கிய திருகும் முதலில். பல வருடங்களுக்கு முன் எங்கள் சரக்கு ஒன்று திரும்பி வந்தது. குளியல், சால்டர், பித்தளை எல்லாம் சரி. அவசரத்துக்கு யாரோ அலமாரியின் பின்புறம் கிடந்த பழைய டப்பாவிலிருந்து ஒரு பிடி பின்களை எடுத்துக் கலந்திருந்தார்கள், அவை காரீய முலாம். சான்றிதழ்கள் அடங்கிய கோப்பு முழுமையாக இருந்தது, டப்பாவில் மட்டும் சீட்டு இல்லை. அன்றிலிருந்து சீட்டு இல்லாத டப்பாவை எங்கள் பட்டறையில் யாரும் திறப்பதில்லை.

கோப்பைப் பற்றி ஐஇசி 63000 என்ற தரநிலை சொல்வது இவ்வளவுதான்: பொருள் பட்டியல், சப்ளையரின் உறுதிமொழி, தேவையான இடத்தில் சோதனை அறிக்கை, இவை எந்த உதிரிக்கு உரியவை என்ற இணைப்பு. ‘எங்கள் எல்லாப் பொருள்களும் ரோஹ்ஸ் தரம்’ என்ற ஒருவரிக் கடிதத்தை ஏற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். உதிரி எண், லாட், 2011/65 ஆணையும் 2015/863 திருத்தமும், பயன்படுத்தும் விலக்கின் எண், தேதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். தனியாக விற்கும் ஹீட் சிங்க்கின் மேல் ரோஹ்ஸை முன்னிட்டு, ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குவதைக் காட்டும் சிஇ முத்திரை ஒட்டத் தேவையில்லை. அது முழுக்கருவி செய்பவர் ஒட்ட வேண்டியது, நாம் கொடுக்க வேண்டியது அவருக்கான தகவல். அவர் தம் கருவியைச் சந்தையில் வைத்த பிறகு பத்து ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பதால், நம் பிரதிகளும் அவ்வளவு காலம் இருக்கட்டும். வெள்ளம் புகும் தெருக்களில் காகிதக் கோப்பைத் தரையில் வைக்காமல் ஸ்கேன் செய்து வேறிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

கடைசியாக, விலக்கிவைத்த பழைய சரக்கு. காரீயச் சால்டர் கட்டி, தொட்டியில் படிந்த கசடு, காட்மியக் கம்பியின் மிச்சம் இவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால், அவை எங்கோ ஒரு கொல்லையில் திறந்த அடுப்பில் உருகி, மறுபடியும் யாரோ ஒருவர் வாங்கும் மலிவான கம்பியாகத் திரும்பி வரும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, மேலே ‘காரீயம்’ அல்லது ‘காட்மியம்’ என்று தெளிவாக எழுதி, எடையைப் பதிவேட்டில் குறித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீதோடு ஒப்படையுங்கள். அந்த ரசீதும் அதே கோப்பில் சேர வேண்டும்.